இறால் ஓட்டிலிருந்து ரத்தம் நிறுத்தும் கட்டு வரை: கைட்டோசான் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒரு கிலோ இறால் வாங்கித் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை இழுத்துப் போட்ட பிறகு சட்டிக்கு வருவது ஏறக்குறைய பாதிதான். மற்றதெல்லாம் கழிவு. சில வீடுகளில் தலையை மட்டும் வதக்கி அரைத்துக் குழம்புக்கு ருசி கூட்டுவார்கள். ஓட்டுக்கு அந்த மரியாதையும் கிடையாது. பையில் கட்டி உடனே வெளியே போடாவிட்டால் மறுநாள் காலையில் அடுக்களைக்குள் நுழைய முடியாது.

வீட்டில் கைப்பிடி அளவாக இருக்கும் இந்தக் கழிவு, ஏற்றுமதி ஆலையில் லாரி லாரியாகச் சேர்கிறது. 2022-23 நிதியாண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த உறைய வைத்த இறால் 7 லட்சம் டன்னுக்கும் அதிகம். அதில் பெரும்பகுதி தலை நீக்கியோ ஓடு உரித்தோதான் கப்பலேறுகிறது. நீக்கியதெல்லாம் ஆந்திரக் கரையிலும் தூத்துக்குடியிலும் கொச்சியிலும் உள்ள ஆலைகளின் பின்கட்டிலேயே தங்கிவிடுகிறது. இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் ஓட்டுக் கழிவு உலகம் முழுவதும் ஆண்டுக்கு 60 முதல் 80 லட்சம் டன் இருக்கும் என்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இருவர் 2015இல் மதிப்பிட்டார்கள். கொஞ்சம் கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் உரத்துக்கும் போகிறது. மிச்சம் பள்ளத்திலோ கடலிலோ கொட்டப்படுகிறது.

அந்தக் குவியலுக்குள் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. அதை வேதிமுறையில் கொஞ்சம் மாற்றினால் கைட்டோசான் கிடைக்கும். காயத்தில் ரத்தத்தை நிறுத்தும் கட்டு, கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் தூள், மண்ணில் மக்கும் மென்படலம், மின்கலத்தின் உள்ளே வைக்கும் ஜெல் என்று பலவற்றை அதிலிருந்து செய்திருக்கிறார்கள். உணவுக் கழிவிலிருந்து புதுப் பொருள் எடுக்கும் வழிகள் இன்னும் பல உண்டு. ஆரஞ்சுத் தோலிலிருந்து பெக்டின், சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் மரவள்ளித் திப்பியிலிருந்து மாவுச்சத்து, வீணாகும் பாலிலிருந்து கேசின் என்று பட்டியல் நீளும். ஆனால் இந்தத் துறையின் சாமர்த்தியத்தையும் சங்கடத்தையும் சேர்த்துக் காட்டுவதில் இறால் ஓட்டுக்கு ஈடு இல்லை. அதனால் இந்தக் கட்டுரை ஓட்டோடு நின்றுகொள்கிறது.

முதலில் பாலிமர்

சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட சங்கிலியானால் அது பாலிமர். பாடநூல்களில் பலபடி என்று வரும். கடைகளில் தரும் பாலித்தீன் பை ஒரு பாலிமர். எத்திலீன் என்ற வாயுவை ஆலையில் கோத்துச் செய்தது அது. பஞ்சும் பாலிமர்தான். குளுக்கோஸ் என்ற சர்க்கரையைச் செடி கோத்துச் செய்த செல்லுலோஸ் அதில் இருக்கிறது. உயிர்கள் உண்டாக்கும் இப்படிப்பட்ட சங்கிலிகளை உயிரிப் பாலிமர் என்பார்கள். மாவுச்சத்து, பட்டு, கம்பளி, தோல், நம் தலைமுடி எல்லாம் இந்த வகை.

கைட்டின் செல்லுலோஸுக்கு மிக நெருங்கிய உறவு. இரண்டுமே சர்க்கரைச் சங்கிலிகள், பிணைப்பும் ஒரே விதம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. செல்லுலோஸின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓரிடத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கொத்து இருக்கும். கைட்டினில் அதே இடத்தில் நைட்ரஜன் உள்ள ஒரு கொத்து உட்கார்ந்திருக்கிறது. அதன் நுனியில் அசிட்டைல் என்ற வால். இந்த நைட்ரஜனை நினைவில் வையுங்கள். கைட்டோசான் செய்கிற வித்தை அத்தனையும் அதனால்தான்.

பூச்சியின் மேலோடு, நண்டு ஓடு, இறால் ஓடு, காளானின் செல்சுவர், கணவாயின் உள்ளே கண்ணாடிபோல இருக்கும் தண்டு, எல்லாவற்றிலும் கைட்டின் உண்டு. இயற்கையில் மிகுதியாகக் கிடைக்கும் உயிரிப் பாலிமர்களில் செல்லுலோஸுக்கு அடுத்த இடம் இதற்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். 1811இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராக்கோன்னோ இதை முதலில் பிரித்தெடுத்தது காளானிலிருந்து. இறால் கதைக்குள் வந்தது வெகுகாலம் கழித்துத்தான்.

ஓடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது

காய்ந்த ஓட்டில் முக்கியமாக மூன்று சரக்குகள் இருக்கும். புரதம் 20 முதல் 40 சதவீதம், கால்சியம் கார்பனேட் 20 முதல் 50 சதவீதம், கைட்டின் 15 முதல் 40 சதவீதம். அளவுகள் இவ்வளவு தூரம் ஏறி இறங்குவதற்குக் காரணம், எந்த இனம், எந்தப் பருவம், சட்டை உரித்து எத்தனை நாள், தலை ஓடா உடல் ஓடா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறுவதுதான். பின்னால் இதுவே பெரிய தலைவலியாக வரும்.

மூன்றும் மாவு பிசைந்தாற்போலக் கலந்து கிடக்கவில்லை. கைட்டின் சங்கிலிகள் சேர்ந்து மெல்லிய இழைகளாகின்றன, ஒவ்வோர் இழையையும் புரதம் சுற்றியிருக்கிறது, அந்த இழைகள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டு இடைவெளிகளில் கால்சியம் கார்பனேட் நிரம்பியிருக்கிறது. கான்கிரீட் தளத்தை நினைத்துக்கொள்ளலாம்: கைட்டின் கம்பி, கால்சியம் கார்பனேட் சிமெண்ட், இரண்டையும் பிடித்து வைக்கும் கட்டுக்கம்பியாகப் புரதம். ஆனால் கொத்தனார் செய்யாத ஒன்றை இறாலும் நண்டும் செய்கின்றன. ஒரு தட்டில் உள்ள இழைகளின் திசைக்கும் அடுத்த தட்டின் திசைக்கும் சிறிது கோணம் விட்டு, படிப்படியாகத் திருகிக்கொண்டே போகின்றன. ஒரு தட்டில் விழுந்த விரிசல் அடுத்த தட்டில் நேராகப் போக முடியாமல் திசைமாறிச் சுற்றிச் சுற்றி ஓய்ந்துவிடும். நண்டின் கொடுக்கை உடைக்க உலக்கை தேவைப்படுவது அதனால்தான்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கழுவிய நண்டு ஓடு ஒன்றை வினிகரில் போட்டு ஒரு நாள் விடுங்கள். முதலில் குமிழி குமிழியாக வரும். அது கால்சியம் கார்பனேட் கரைந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு. பிறகு எடுத்துப் பார்த்தால் ஓட்டின் வடிவம் கலைந்திருக்காது, ஆனால் கடினம் போய் வளையும். கையில் மிஞ்சியிருப்பது கைட்டினும் புரதமும். ஆலையில் நடக்கும் முதல் வேலையும் ஏறக்குறைய இதுவே.

ஆலையில் பிரிக்கும் விதம்

ஓட்டைக் கழுவி, உலர்த்தி, பொடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுகிறார்கள். கால்சியம் கரைந்து போகிறது. அடுத்து நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலில் சூடுபடுத்தினால் புரதம் கரைந்து போகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே, அமிலமோ காரமோ துளியும் தங்காத வரை தண்ணீர் விட்டு அலசுகிறார்கள். மிஞ்சுவது இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு செதில். நிறத்தையும் எடுத்துவிட்டால் அதுதான் கைட்டின்.

அந்த நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை இறால் சாம்பல் நிறமாக இருந்து சட்டியில் போட்டதும் சிவக்கிறதே, அதற்குக் காரணம் அஸ்டாசாந்தின் என்ற நிறமி. உயிரோடு இருக்கையில் ஒரு புரதம் அதைக் கட்டிப்பிடித்து நிறத்தை மாற்றி வைத்திருக்கிறது. சூடு பட்டதும் புரதம் உருக்குலைந்து நிறமி விடுபட, அசல் சிவப்பு தெரிகிறது. பண்ணையில் வளரும் சால்மன் மீனின் தசைக்கு நிறம் வரத் தீவனத்தில் இதே நிறமியைச் சேர்க்கிறார்கள். எனவே நிறம் நீக்குவதைச் செலவு என்று எழுதாமல், நிறமியைத் தனியே பிரித்து விற்கும் வரவு என்று எழுதத் தெரிந்த ஆலைக்கு நஷ்டம் குறையும்.

கைட்டினை அப்படியே வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதன் சங்கிலிகள் ஒன்றையொன்று அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன. தண்ணீரில் கரையாது, சாதாரணக் கரைப்பான்கள் எதிலும் கரையாது, சூடாக்கினால் உருகவும் செய்யாது. கரைக்கவும் உருக்கவும் முடியாத பொருளுக்கு எப்படி உருவம் கொடுப்பது?

அதற்கான வழியை 1859இல் சார்ல் ரூஷே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டார். கைட்டினை அடர்த்தியான காரத்தில் கொதிக்க வைத்தால், அமிலத்தில் கரையக்கூடிய ஒன்றாக அது மாறிவிட்டது. இன்று ஆலைகளில் 40 முதல் 50 சதவீத அடர்த்தியுள்ள காஸ்டிக் சோடாவில் 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் சில மணி நேரம் வேக வைக்கிறார்கள். நைட்ரஜனின் நுனியில் இருந்த அசிட்டைல் வால் அறுந்து விழுகிறது. வால் போன நைட்ரஜன் அமீன் ஆகிறது. பெரும்பாலான கண்ணிகளில் இப்படி வால் அறுந்தால் அந்தப் பொருள் கைட்டோசான்.

எல்லாக் கண்ணிகளிலும் அறுபடுவதில்லை. நூற்றில் எத்தனை அறுந்தன என்பதை அசிட்டைல் நீக்க அளவு என்கிறார்கள். விற்பனைக்கு வரும் கைட்டோசானில் இது பெரும்பாலும் 70 முதல் 95 சதவீதம். இந்த அளவும் சங்கிலியின் நீளமும் தெரியாமல் கைட்டோசான் வாங்குவது, எத்தனை காரட் என்று கேட்காமல் தங்கம் வாங்குகிற காரியம். இரண்டு கைட்டோசான்கள் ஒரே பெயரில் இருந்தும் ஒன்று ரத்தத்தை நிறுத்தும், மற்றது நிறுத்தாது.

நேர் மின்னேற்றம்

கைட்டோசானை வினிகர்போன்ற லேசான அமிலத்தில் போட்டால் அமீன் ஒவ்வொன்றும் அமிலத்திலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு நேர் மின்னேற்றம் பெறுகிறது. சங்கிலி நெடுக நேர் மின்னேற்றம் வந்துவிடுவதால் சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிரிகின்றன. பொருள் கரைந்து கஞ்சித் தெளிவுபோல ஆகிறது. பிஎச் அளவு (அமிலத்தன்மை குறையக் குறைய ஏறும் எண்) 6.5ஐத் தாண்டினால் மின்னேற்றம் குறைந்து மறுபடியும் திரண்டுவிடும்.

இந்த நேர் மின்னேற்றம் அபூர்வமானது. இயற்கையில் கிடைக்கும் சர்க்கரைப் பாலிமர்களில் பெரும்பாலானவை மின்னேற்றம் அற்றவை அல்லது எதிர் மின்னேற்றம் கொண்டவை. கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட், பழத்தோலின் பெக்டின் எல்லாம் எதிர் வகை. மறுபக்கம் பார்த்தால், நம்மைத் தொல்லை செய்யும் பல பொருள்களின் மேற்பரப்பு எதிர் மின்னேற்றம் கொண்டது. நீரில் மிதக்கும் களிமண் துகள், பாக்டீரியாவின் வெளிச்சுவர், சாயக் கழிவின் பல சாயங்கள் எல்லாம் அப்படித்தான். ரத்தச் சிவப்பணுவின் மேற்பரப்பும் அப்படியே. கைட்டோசான் இவற்றையெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

கலங்கிய தண்ணீரில் களிமண் துகள்கள் அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருப்பதற்கு ஒரு காரணம், எல்லாம் எதிர் மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருப்பது. கொஞ்சம் கைட்டோசான் கரைசலை விட்டால் தள்ளுதல் நின்று, துகள்கள் கூடி, கனத்துக் கீழே இறங்கும். நகராட்சிகள் படிகாரம் போட்டுச் செய்கிற வேலைதான் இது. கிராமத்தில் தேத்தாங்கொட்டையைப் பானையில் தேய்த்துத் தெளிய வைத்ததும் இதே நோக்கத்துக்கு. ஈயம், செம்பு போன்ற உலோக அயனிகளையும் கைட்டோசானின் நைட்ரஜன் பிடித்துக்கொள்ளும்.

காயத்தில் எப்படி வேலை செய்கிறது

கைட்டோசான் இதுவரை ஐயத்துக்கு இடமின்றி வென்ற களம் என்றால் மருத்துவத்தைச் சொல்வேன். அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் உருவான ஹெம்கான் என்ற கைட்டோசான் கட்டுக்கு 2002இல் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் படைவீரர்களின் பைகளில் அது இருந்தது. தொடையிலோ தோளிலோ பெரிய ரத்தக்குழாய் கிழிந்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன்பே உயிர் போய்விடும். அந்தச் சில நிமிடங்களுக்கான பொருள் இது. இந்தியாவிலும் ஆக்சியோஸ்டாட் என்ற பெயரில் கைட்டோசான் கட்டு தயாராகிறது.

செயல்படும் விதம் எளிது. கட்டைக் காயத்தில் வைத்து அழுத்தும்போது கைட்டோசான் ரத்தத்தின் நீரை உறிஞ்சிப் பசையாகிறது. நேர் மின்னேற்றம் சிவப்பணுக்களையும் தட்டணுக்களையும் தன்பக்கம் இழுத்து ஒட்ட வைக்கிறது. அணுக்களும் பசையும் சேர்ந்து காயத்தின் வாயை அடைக்கின்றன. உடலில் ரத்தம் உறைவதற்கென்று புரதங்கள் ஒன்றையொன்று தூண்டும் நீண்ட தொடர் ஒன்று உண்டு. கைட்டோசான் அந்தத் தொடரைப் பெரிதாக நம்பியில்லை. அதனால் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இது உதவக்கூடும். பல் பிடுங்கிய குழியில் வைக்கும் சிறு துண்டுகளாகவும் இது வந்திருக்கிறது.

இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும் ஆள் என்ன செய்வது என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி. இறால் ஒவ்வாமையின் முதன்மைக் குற்றவாளி ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம். கைட்டோசான் சர்க்கரைச் சங்கிலி, அதில் அந்தப் புரதம் கிடையாது. ஆனால் புரதம் நீக்கும் கட்டத்தை அரைகுறையாகச் செய்த சரக்கில் மிச்சம் இருக்கலாம். மருத்துவத் தரத்துக்கும் சாதாரணத் தரத்துக்கும் விலையில் மலைபோல வித்தியாசம் இருப்பதற்கு இந்தச் சுத்தம் ஒரு காரணம். ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் சரி.

இன்னொரு வசதியும் உண்டு. நம் கண்ணீரிலும் எச்சிலிலும் இருக்கும் லைசோசைம் என்ற நொதி, கைட்டோசானில் மிஞ்சியிருக்கும் அசிட்டைல் பகுதிகளைப் பிடித்துச் சங்கிலியை மெல்ல வெட்டும். உடம்புக்குள் வைத்த கைட்டோசான் காலப்போக்கில் சிதைந்துபோவது இதனால்தான். வால் எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதை மாற்றினால் எவ்வளவு காலத்தில் கரையும் என்பதையும் மாற்றலாம். புண்மேல் வைக்கும் படலம், மருந்தைச் சிறிது சிறிதாக விடும் துகள், திசு பற்றிக்கொண்டு வளர்வதற்கான சாரக்கட்டு என்று ஆய்வகங்களில் இதை வைத்து எவ்வளவோ செய்துகொண்டிருக்கிறார்கள்.

வயலிலும் இதற்கு வேலை உண்டு. செடியின் இலையில் கைட்டினோ கைட்டோசானோ பட்டால், பூஞ்சை தாக்க வந்துவிட்டது என்று செடி எண்ணிக்கொள்கிறது. பூஞ்சையின் செல்சுவரும் கைட்டின்தானே. உடனே தன் தற்காப்பு வேதிப்பொருள்களைச் சுரக்கத் தொடங்குகிறது. உண்மையான நோய் வரும்போது அது தயாராக இருக்கும். பறித்த பழத்தின்மேல் மெல்லப் பூசினால் நீர் ஆவியாவதும் பூஞ்சணம் பிடிப்பதும் குறையும் என்பதும் பல பழங்களில் பார்த்த விஷயம்.

மின்கலம்

2022இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் லியாங்பிங் ஹூவின் குழு ஒரு துத்தநாக மின்கலம் செய்து காட்டியது. அதன் உள்ளே அயனிகள் போய்வர வேண்டிய மின்பகு பொருள், கைட்டோசானும் துத்தநாகமும் சேர்ந்த ஜெல். 1,000 முறை மின்னேற்றி இறக்கிய பிறகும் அதன் செயல்திறன் (ஏற்றியதில் திரும்பக் கிடைக்கும் பங்கு) 99.7 சதவீதம் இருந்ததாக அறிவித்தார்கள். அந்த ஜெல் மண்ணில் ஐந்து மாதத்தில் நுண்ணுயிர்களால் சிதைந்து, துத்தநாகத்தை மட்டும் விட்டுவைக்கிறது. தீப்பிடிக்கும் கரிமத் திரவங்களை வைத்திருக்கும் லித்தியம் மின்கலங்களோடு ஒப்பிட்டால் இது கவர்ச்சியான யோசனை. ஆனாலும் ஆய்வக மேசையில் 1,000 சுற்று ஓடியதற்கும் வீட்டு மாடியில் சூரியத் தகட்டோடு பத்து வருடம் ஓடுவதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது.

கைட்டினை ஆக்சிஜன் இல்லாமல் கரியாக்கினால் அதன் நைட்ரஜனில் ஒரு பகுதி கரியோடு தங்கிவிடும். மரக்கரியில் இந்த அளவு நைட்ரஜன் இராது. நைட்ரஜன் கலந்த கரி மின்சாரத்தைச் சேமிக்கும் தகடுகளுக்கு உகந்தது என்பதால் அந்தப் பக்கமும் ஆய்வு நடக்கிறது. 2020இல் சிங்கப்பூரில் ஒரு குழு, செவ்வாய்க் கோளின் மண்ணை ஒத்த தூளோடு கைட்டினைக் கலந்து கருவியும் சிறு கட்டட மாதிரியும் செய்தது. செவ்வாயில் இறால் கிடைக்காது, பூச்சி வளர்க்கலாம் என்பது அவர்கள் வாதம். படிக்கச் சுவையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பாலித்தீன் பைக்கு மாற்றாகுமா?

‘இறால் ஓட்டிலிருந்து பிளாஸ்டிக்’ என்ற செய்தி வருடத்துக்கு ஒரு முறையாவது வந்துவிடுகிறது. வருவதில் தவறில்லை, செய்யவும் முடியும். 2011இல் ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் ஹாவியர் ஃபெர்னாண்டஸும் டொனால்ட் இங்பரும் கைட்டோசானையும் பட்டின் புரதத்தையும் அடுக்கடுக்காகச் சேர்த்து ஷ்ரில்க் என்ற பொருளைச் செய்தார்கள். அலுமினியக் கலவை அளவுக்கு உறுதி, எடையில் பாதி என்றார்கள். பூச்சியின் மேலோட்டைப் பார்த்து எடுத்த யோசனை அது. பட்டு விலை கட்டுப்படியாகாது என்பதால் 2014இல் பட்டை விட்டுவிட்டுக் கைட்டோசானையே முதன்மையாக வைத்து அச்சில் வார்த்துச் சதுரங்கக் காய் போன்றவற்றைச் செய்து காட்டினார்கள். அந்தப் பொருள் கலந்த மண்ணில் காராமணிச் செடியும் வளர்ந்தது.

பிறகு ஏன் கடைகளில் இல்லை? பலரும் தொடாமல் விடும் காரணத்தை முதலில் சொல்கிறேன். கைட்டோசான் உருகாது. பாலித்தீன் ஆலையில் மணிமணியான பொருளை உருக்கி, காற்றூதிப் பையாக்குகிறார்கள், அல்லது அச்சில் அடித்துக் குடமாக்குகிறார்கள். நொடிக்கு நொடி பொருள் வந்து விழும். கைட்டோசானைச் சூடாக்கினால் உருகுவதற்கு முன்பே கருகும். அதை அமிலத்தில் கரைத்து, தட்டில் ஊற்றி, நீர் ஆவியாகும்வரை காத்திருந்து படலமாக உரிக்க வேண்டும். ஆலையில் இருக்கும் இயந்திரங்கள் எதற்கும் இந்த வேலை பழக்கமில்லை. அடுத்தது ஈரம். காய்ந்த கைட்டோசான் படலம் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் ஊறி உப்பும். மீன் வாங்கி வரும் பையாக அது உதவாது. வேறு பொருள்களைக் கலந்து இதைச் சரிசெய்யலாம், ஆனால் கலக்கும் ஒவ்வொன்றும் விலையை ஏற்றும், சில மக்கும் தன்மையைக் குறைக்கும்.

வரலாற்றிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1936இல் ட்யூபாண்ட் நிறுவனத்தின் ஜார்ஜ் ரிக்பி கைட்டோசானுக்கும் அதிலிருந்து படலம், நூல் செய்வதற்கும் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய வருடம்தான் அதே நிறுவனத்தில் நைலான் பிறந்திருந்தது. எது வென்றது என்று சொல்ல வேண்டியதில்லை. லண்டனில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய ஷெல்வொர்க்ஸ், சிங்கி இறால் ஓட்டிலிருந்து பொட்டலப் பொருள் செய்து 2019 வாக்கில் பேர் வாங்கியது. அதே நிறுவனம் பின்னாளில் ஓட்டை விட்டுவிட்டு, நுண்ணுயிர்கள் தம் உடலுக்குள் சேமிக்கும் வேறொரு பாலிமருக்கு மாறிக்கொண்டது.

என் கணிப்பு இதுதான்: கைட்டோசான் கிலோக் கணக்கில் மலிவாக விற்க வேண்டிய இடங்களில் தோற்கும், கிராம் கணக்கில் அருமையான வேலை செய்ய வேண்டிய இடங்களில் வெல்லும். மளிகைப் பைக்கு மாற்றாக இதைப் பேசுவது அதன் பலத்தை விட்டுவிட்டுப் பலவீனத்தோடு மோத விடுவதாகும்.

கழிவைத் தீர்க்கப் போய் வரும் கழிவு

இயற்கையான பொருள் என்பதாலேயே அதைச் செய்யும் முறையும் பசுமையாகிவிடாது. ஒரு கிலோ கைட்டோசான் எடுக்க ஒரு டன்னுக்கு மேல் தண்ணீர் செலவாகிறது என்று மேலே சொன்ன சிங்கப்பூர் ஆய்வாளர்களே சுட்டிக்காட்டியிருந்தார்கள். அந்தத் தண்ணீர் வெளியே வரும்போது அமிலமும் காரமும் கரைந்த புரதமும் உப்பும் சுமந்து வருகிறது. அடர்த்தியான காஸ்டிக் சோடாவைச் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விட்டால் ஓட்டை அப்படியே கொட்டியிருப்பதே மேல். மூன்று சரக்கில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கரைத்துத் தள்ளுகிற முறை இது. கால்சியமும் புரதமும் விற்கத் தக்கவைதானே.

அதற்கும் முந்தைய தொல்லை, ஓடு ஆலைக்கு வந்து சேர்வது. ஈர ஓட்டில் முக்கால் பங்கு தண்ணீர். அதைத் தூரத்துக்கு ஏற்றிப் போனால் லாரி வாடகை தண்ணீருக்குத்தான். தலையில் உள்ள செரிமான நொதிகள் இறால் செத்த பிறகும் ஓயாமல் வேலை செய்து எல்லாவற்றையும் கூழாக்கும். நம் வெயிலில் சில மணி நேரத்தில் நாற்றம் எடுத்துவிடும். அழுகத் தொடங்கினால் கைட்டின் சங்கிலியும் சிதையும், சரக்கின் தரம் விழும். உரிக்கும் கூடத்துக்குப் பக்கத்திலேயே உலர்த்தும் இடமோ பிரிக்கும் இடமோ இருந்தால்தான் இந்தத் தொழில் நிற்கும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பல பத்தாண்டுகளாகக் கைட்டின், கைட்டோசான் தயாரிப்பில் ஆய்வு செய்து வருவதற்கு, ஏற்றுமதி ஆலைகள் சூழ அது அமைந்திருப்பதும் ஒரு காரணம்.

அமிலத்தையும் காரத்தையும் குறைக்கும் வழிகளில் எனக்குப் பிடித்தது தயிர்ப் பாக்டீரியாவின் உறவினர்களை வேலைக்கு வைப்பது. அரைத்த ஈர ஓட்டில் கரும்பாலைக் கழிவுப்பாகு போன்ற மலிவான இனிப்பைக் கலந்து லாக்டிக் அமிலப் பாக்டீரியாவைச் சேர்த்து மூடி வைத்தால், அவை சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் சுரக்கும். அந்த அமிலம் கால்சியத்தைக் கரைக்கும். புளிப்பு ஏறுவதால் அழுக வைக்கும் கிருமிகள் அடங்கும். புரதம் சிதைந்து திரவத்துக்கு வந்துவிடும். வடிகட்டினால் திரவம் தீவனத்துக்கு, திடப்பொருள் கைட்டினுக்கு. ரசாயனம் அளவுக்கு முழுச் சுத்தம் வராது, கடைசியில் லேசான அமிலமும் காரமும் தேவைப்படும். ஆனால் அழுகல், நாற்றம், தூரம் ஆகிய மூன்றுக்கும் இது விடை. கூடத்தின் மூலையில் பீப்பாய்களில் ஊறப்போட்டு, நிதானமாக ஏற்றி அனுப்பலாம்.

அசிட்டைல் வாலை அறுக்கும் கட்டம் அப்போதும் மிஞ்சும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கைட்டினையும் திடக் காஸ்டிக் சோடாவையும் சேர்த்து அரைத்து, ஈரப்பதமும் மிதமான சூடும் உள்ள இடத்தில் சில நாட்கள் வைத்தே கைட்டோசான் எடுத்திருக்கிறார்கள். வாணலிபோலக் கொதிக்கும் காரத் தொட்டி தேவைப்படவில்லை, காரமும் குறைவாகவே போதும். நேரம் மட்டும் அதிகம் பிடிக்கும்.

ஓட்டை ஒதுக்கிவிட்டுப் போகும் வழியும் ஒன்று இருக்கிறது. குளிர்பானத்தில் புளிப்புக்குச் சேர்க்கும் சிட்ரிக் அமிலத்தை உலகம் பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சையை வளர்த்துத்தான் தயாரிக்கிறது. அமிலத்தை வடித்த பிறகு பூஞ்சையின் உடல் கழிவாக மிஞ்சும். அதன் செல்சுவரில் கைட்டின் இருக்கிறது. கால்சியம் இல்லை, எனவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேவையில்லை. இறால் புரதம் இல்லை, எனவே இறால் ஒவ்வாமை பற்றிய கவலை இல்லை. பருவமும் இனமும் மாறுவதில்லை, எனவே ஒரு முறை வந்த சரக்குப்போலவே அடுத்த முறையும் வரும். ஐரோப்பாவில் திராட்சை மதுவைத் தெளிய வைக்க அனுமதித்திருப்பது இந்தப் பூஞ்சைக் கைட்டோசானைத்தான்.